மலைச் சரிவில் நீராவிக் கோச்சி: வீட்டுத் தோட்டத்தில் பாதை போட்டு ஓட்டும் முறை

கொழும்பில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில், நல்ல வெயில் நேரத்தில் என்னுடைய சின்ன நீராவி எஞ்சினை ஒருமுறை ஓட்டிக் காட்டினேன். எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் புகைபோக்கியில் இருந்து எதுவும் வருவதாகவே தெரியவில்லை. சூடான காற்றில் நீராவி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிட்டது. அடுத்த வாரம் அதே எஞ்சினை ஹட்டனில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில், பின்னேரம் ஐந்தரை மணிக்கு, மூட்டம் இறங்கும் நேரத்தில் ஓட்டினேன். மூன்று பெட்டி நீளத்துக்கு வெள்ளைப் புகை பின்னால் இழுபட்டுப் போனது. குளிர்ந்து, ஈரம் நிறைந்த காற்றில் நீராவி உடனே நுண்துளியாக மாறுவதால்தான் அந்த வெண்மை. இலங்கையில் நீராவிக் கோச்சி ஓட்ட மலையகத்தை விட நல்ல இடம் கிடையாது என்று அன்றைக்கு எனக்குத் தெளிவாகிவிட்டது.

இது மின்சாரத்தில் ஓடும் பொம்மைக் கோச்சி இல்லை. உள்ளே செம்பில் செய்த உண்மையான பொய்லர் இருக்கிறது. அதில் தண்ணீர் கொதிக்கிறது, நீராவி சிலிண்டருக்குப் போகிறது, பிஸ்டன் சில்லைச் சுழற்றுகிறது. பெரிய எஞ்சினில் நடப்பது அத்தனையும் ஒரு கை நீளத்துக்குள் நடக்கிறது.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசையும் பொறுமையையும் எஞ்சினில் போடுவதற்கு முன்னால் பாதையில் போடுங்கள். அதிலும் பாதையின் மட்டத்தில் போடுங்கள். சின்ன நீராவி எஞ்சினில் ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டருக்குப் போகும் நீராவியைக் கூட்டிக் குறைக்கும் வால்வை, ஒரு அளவில் திறந்து வைத்துவிட்டு நாம் கையை எடுத்துவிடுகிறோம். ஏற்றம் வந்தால் அது திணறி நின்றுவிடும். இறக்கம் வந்தால் வேகம் பிடித்து வளைவில் குப்புற விழும். கொதிக்கும் பொய்லரோடு ஒரு எஞ்சின் மண்ணில் விழுவதைப் பார்க்க நேர்ந்தால் மனது தாங்காது. மட்டமான பாதையில் மலிவான எஞ்சின்கூட அரை மணி நேரம் அமைதியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மட்டம் பிடிப்பது நம் ஆட்களுக்குப் புதிய வித்தையும் இல்லை. தேயிலை மலையில் கான் வெட்டியவர்கள் சரிவைக் குறுக்கே அறுத்து, தண்ணீர் ஓடியும் ஓடாமலும் போகிற மாதிரி கோடு பிடித்தவர்கள். மலையில் பாதை போடச் சரிவு பார்க்கும் ஒரு கருவிக்கு நில அளவைப் பாடப் புத்தகங்களில் ‘சிலோன் காட் டிரேசர்’ என்றே பெயர். அந்தக் கை வேலையைத்தான் வீட்டுக்குப் பின்னால் சின்னதாகச் செய்யப் போகிறோம்.

அளவைத் தீர்மானிப்பது

தோட்ட ரயிலில் தண்டவாள அகலம், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி, பொதுவாக இரண்டு. ஒன்று 32 மில்லிமீற்றர், மற்றது 45 மில்லிமீற்றர். எது என்று முதலிலேயே முடிவு செய்யவேண்டும், ஏனென்றால் பாதை போட்ட பிறகு மாற்ற முடியாது. சில எஞ்சின்களில் சில்லை நகர்த்தி இரண்டு அகலத்துக்கும் பொருத்தலாம். அப்படி ஒன்று கிடைத்தால் நல்லது.

நான் 32-ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நம் ஊர் வரலாறு. நானுஓயாவில் இருந்து நுவரெலியாவுக்கு 1903-ல் ஒடுக்கப் பாதை ஒன்று திறக்கப்பட்டது. பிறகு அது கந்தப்பளை வழியாக ராகலை வரைக்கும் போனது. உடப்புசல்லாவைப் பாதை என்று அதற்குப் பெயர். லொறியும் பஸ்ஸும் வந்த பிறகு 1940களில் அது மறைந்துவிட்டது. அதன் தண்டவாள அகலம் 2 அடி 6 அங்குலம், அதாவது 762 மில்லிமீற்றர். களனிவெளிப் பாதையும் முன்பு இதே அகலம்தான். இப்போது கணக்குப் பாருங்கள். 32-ஐ 24-ஆல் பெருக்கினால் 768. ஆக 32 மில்லிமீற்றர் பாதையில் 24-ல் ஒரு பங்கு அளவில் பெட்டி செய்தால், நம் ஒடுக்கப் பாதைக்கு ஏறக்குறைய அச்சொட்டான அளவு வந்துவிடும். 24-ல் ஒரு பங்கு என்றால் அடிக்கு அரை அங்குலம். எந்தத் தச்சு பாஸிடமும் சொல்லிப் புரியவைக்கக்கூடிய அளவு அது.

கடைகளில் கிடைக்கும் 32 மில்லிமீற்றர் எஞ்சின்களில் பெரும்பாலானவை 19-ல் ஒரு பங்கு அளவில், பிரிட்டனின் 2 அடிப் பாதைகளை மனதில் வைத்துச் செய்தவை. சின்ன எஞ்சினாகப் பார்த்து எடுத்தால் இந்த வித்தியாசம் கண்ணை உறுத்தாது. பதுளைக்குப் போகும் பெரிய பாதையையே செய்துபார்க்க ஆசை இருந்தால் அது வேறு கணக்கு. அதன் அகலம் 5 அடி 6 அங்குலம். பெரிய எஞ்சின்களின் மாதிரிகளுக்கு 3 மீற்றர் ஆரை வளைவு வேண்டும். நம்மில் பலருக்கு அவ்வளவு இடம் இருக்காது.

இடம் என்றதும் தயங்கவேண்டாம். தோட்ட வீட்டுத் திட்டத்தில் பலருக்குக் கிடைத்த 7 பேர்ச் காணியிலும் இது முடியும். வளைவின் ஆரை 1.5 மீற்றர், இரண்டு பக்கமும் 3 மீற்றர் நேர்ப்பாதை என்று ஒரு நீள்வட்டம் போட்டால், மொத்தம் 6 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம். அது 18 சதுர மீற்றர். ஒரு பேர்ச் என்பது 25 சதுர மீற்றருக்குக் கொஞ்சம் கூட. சுற்றி நடக்க வழி விட்டாலும் ஒன்றரைப் பேர்ச்சுக்கு மேல் போகாது. நடுவில் வழக்கம்போல லீக்ஸ், கோவா எல்லாம் நடலாம். நான் கரட் போட்டிருக்கிறேன்.

வளைவை 75 சென்ரிமீற்றர் ஆரை வரை இறுக்கலாம், சின்ன எஞ்சின்கள் அதையும் தாங்கும். ஆனால் இறுக்கமான வளைவில் எஞ்சின் பலத்தின் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடும். நேர்ப்பாதைக்கு வரும்போது திடீரென்று வேகம் கூடும். இடம் இருந்தால் ஆரையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சரிவை நமக்குச் சாதகமாக்குவது

மட்டமான நிலம் இல்லையே என்பதுதான் இங்கே எல்லாரும் சொல்வது. நான் சரிவைத்தான் விரும்புகிறேன். 4 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். நீள்வட்டத்தின் 3 மீற்றர் அகலம் சரிவு இறங்கும் திசையில் விழும்படி வைத்தால், மேல்பக்கத் தண்டவாளம் தரையோடு தரையாக இருக்கும். கீழ்ப்பக்கம் 75 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும். அதாவது ஒரு மேசை உயரம். மேல்பக்கத்தில் கோச்சி மண்ணில், புல்லுக்கு நடுவில் ஓடுவது போல அழகாக இருக்கும். கீழ்ப்பக்கத்தில் முதுகு வளையாமல் எண்ணெய் விடலாம், தண்ணீர் ஊற்றலாம், பற்றவைக்கலாம். சமதரையில் வீடு கட்டியவர்கள் இந்த வசதிக்காகச் சுற்றிலும் தூண் எழுப்பவேண்டும்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். சரிவை வெட்டித் தளம் எடுக்காதீர்கள். மண்சரிவு என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. தூண்களின் மேல் பாதை போவதால் மண்ணை வெட்டவே தேவையில்லை, தூண் குழி மட்டும் போதும். பழைய கான் குறுக்கே வந்தால் அதை மூடாமல், மேலே ஒரு சின்னப் பாலம் போட்டுவிடுங்கள். மழைத் தண்ணீர் போகிற வழி அதுதான். ஒன்பது வளைவுப் பாலம் மாதிரி ஒன்று கட்ட அதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

வேலையைத் தொடங்கும் மாதமும் முக்கியம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் தென்மேல் மழை மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை விடாது. அங்கே ஜனவரியில் இருந்து மார்ச்சுக்குள் கொங்கிறீட் வேலையை முடிக்கவேண்டும். பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வறட்சி. அவர்களுக்கு அதுதான் காலம்.

மட்டம் பிடிப்பது

முதலில் நீள்வட்டத்தைத் தரையில் குறியுங்கள். இரண்டு ஆணி, ஒரு கயிறு, கொஞ்சம் சுண்ணாம்பு போதும். பிறகு 80 சென்ரிமீற்றருக்கு ஒரு தூண் என்று கணக்குப் போட்டால், மேலே சொன்ன 15.4 மீற்றர் சுற்றுக்கு 19 அல்லது 20 தூண் வரும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு முளைக்குச்சி அடியுங்கள்.

மட்டத்துக்கு நான் நம்புவது மேசன் பாஸ்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாயைத்தான். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் 10 மீற்றர் வாங்கி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையை மேல்பக்க முதல் முளையில் கட்டி வையுங்கள். மறுமுனையை ஒவ்வொரு முளையாகக் கொண்டுபோய், தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். எல்லா முளைக்கும் முதல் முளையில் இருந்தே அளக்கவேண்டும். ஒன்றில் இருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று போனால் சின்னப் பிழை சேர்ந்து சேர்ந்து கடைசியில் ஒரு சென்ரிமீற்றராகிவிடும்.

தனியாக வேலை செய்பவர்களுக்கு ஏணிச் சட்டம் போன்ற முக்கோணச் சட்டம் உதவும். இரண்டு கால், நடுவில் ஒரு குறுக்குத் தடி, உச்சியில் இருந்து கல் கட்டித் தொங்கவிட்ட நூல். அதைச் சரி பார்ப்பது இலகு. இரண்டு முளையில் காலை வைத்து நூல் நிற்கும் இடத்தைக் குறுக்குத் தடியில் குறியுங்கள். கால்களை மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுப்புள்ளிதான் மட்டம்.

தூண், தளம், தண்டவாளம்

மரம் எங்கள் பக்க மழைக்குத் தாங்காது. நான் முதலில் பலகைத் தளம்தான் போட்டேன். இரண்டாவது மழைக்காலத்தில் வளைந்து, மூன்றாவதில் காளான் முளைத்தது. இப்போது முழுவதும் கொங்கிறீட்.

4 அங்குல பிவிசி குழாயைத் தேவையான உயரத்துக்கு வெட்டி, 45 சென்ரிமீற்றர் ஆழக் குழியில் நிறுத்தி, உள்ளே கம்பி ஒன்று வைத்துக் கொங்கிறீட் ஊற்றினால் தூண் ரெடி. இந்த 45 என்பது அசையாத மண்ணுக்கு. எங்கள் வீட்டில் கீழ்ப்பக்கம் வீடு கட்டும்போது கொட்டிய மண். அதில் நான் நட்ட நாலு தூண் அடுத்த மழையிலேயே 2 சென்ரிமீற்றர் இறங்கிவிட்டது. எஞ்சின் அந்த இடத்துக்கு வந்தாலே ஓடத் தொடங்கும். பிறகு நாலையும் பிடுங்கி, கொட்டிய மண் முழுவதையும் தாண்டி, கெட்டி மண் வரும்வரை தோண்டி மறுபடி நட்டேன். ஓர் இடத்தில் ஒரு மீற்றருக்கு மேல் போகவேண்டி வந்தது. ஆறு வருடமாக அவை அசையவில்லை.

தளத்துக்கு 80 சென்ரிமீற்றர் நீளம், 20 அகலம், 4 தடிப்பில் கொங்கிறீட் பலகைகளை வீட்டிலேயே வார்க்கலாம். சிமெந்து ஒன்று, மணல் இரண்டு, சின்னச் சல்லி மூன்று. நடுவில் கோழிக்கூட்டுக் கம்பி வலை. ஒரு பலகை 15 கிலோ வரும், ஒருவரே தூக்கலாம். வளைவில் நேரான பலகையை வைத்தால் பாதை ஓரத்துக்குப் போய்விடாதா என்று கேட்பீர்கள். 1.5 மீற்றர் ஆரையில் 80 சென்ரிமீற்றர் நீளத்துக்குள் பாதை 5 சென்ரிமீற்றர்தான் வளையும். 20 சென்ரிமீற்றர் அகலப் பலகை அதைத் தாராளமாகத் தாங்கும். ஒரு வாரமாவது ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் தூக்கவேண்டும்.

பலகைகளைத் தூண்களின் மேல் வைத்து, சாந்தைக் கூட்டிக் குறைத்து, ரசமட்டத்தால் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பாருங்கள். குறுக்குவாக்கும் முக்கியம். ஒரு தண்டவாளம் உயர்ந்து மற்றது தாழ்ந்தால், மூன்று காலில் நிற்கும் மேசை மாதிரி எஞ்சின் ஆடும்.

தண்டவாளம் வெளிநாட்டில் இருந்துதான் வரவேண்டும். பெக்கோ நிறுவனத்தின் 32 மில்லிமீற்றர் வளையும் பாதை 914 மில்லிமீற்றர் நீளத் துண்டுகளாக வரும். நம் சுற்றுக்கு 17 துண்டு. நீராவி எஞ்சினுக்குத் தண்டவாளத்தில் மின்சாரம் போகவேண்டியதில்லை. ஆகவே பித்தளையா, அலுமினியமா, நிக்கல் சில்வரா என்று பெரிதாக யோசிக்கத் தேவையில்லை, எது கைக்கு வருகிறதோ அதை எடுங்கள். வளைவுகளில் உள்தண்டவாளம் நீண்டு வெளியே வரும். முழுச் சுற்றுக்கு அது 20 சென்ரிமீற்றர் அளவு இருக்கும். அதை இரும்பு வாளால் நேராக வெட்டி, முனையில் உள்ள பிசிறை எடுத்துவிட்டுத்தான் இணைக்கவேண்டும்.

இணைப்பில் இடைவெளி விடுவதை மறந்துவிடாதீர்கள். நுவரெலியாவில் ஜனவரி விடியலில் பனி உறையும், மத்தியான வெயிலில் தண்டவாளம் 40 டிகிரி வரை சுடும். 15 மீற்றர் பித்தளைத் தண்டவாளம் அந்த 40 டிகிரி வித்தியாசத்துக்கு 11 மில்லிமீற்றர் நீளும். 17 இணைப்புக்குப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் முக்கால் மில்லிமீற்றர் கூட வராது. வங்கி அட்டை ஒன்றின் தடிப்பு அதேதான். குளிர்ந்த காலையில் போட்டால் ஒவ்வோர் இணைப்பிலும் அட்டையைச் செருகிப் பாருங்கள். உச்சி வெயிலில் போட்டால் இடைவெளியே வேண்டாம். சிலிப்பரை (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையை) தளத்தில் திருகும்போதும் முடுக்கி இறுக்கக்கூடாது. பாதை கொஞ்சம் நகர இடம் இருக்கவேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. நன்றாக எண்ணெய் விட்ட ஒரு வண்டியைப் பாதையில் எங்கே வைத்தாலும் அது தானாக நகரக்கூடாது. நகர்ந்தால் அந்த இடத்தில் தகடு செருகிச் சரிசெய்யுங்கள். எனக்கு இந்த வேலைக்கே மூன்று பின்னேரம் போனது. எஞ்சின் வந்த பிறகு அந்த மூன்று நாளும் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

எஞ்சின்

ரவுண்ட்ஹவுஸ், அக்கியூகிராஃப்ட், மாமோட், ரெக்னர் என்று பல நிறுவனங்கள் செய்கின்றன. புதியது என்றால் விலை கூட. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் மூலம் பழையதாக எடுப்பதுதான் நம்மில் பலருக்குச் சாத்தியம். என்னுடையதை என் மச்சான் லண்டனில் வாங்கிக் கொண்டுவந்தார். விமானத்தில் கொண்டுவரும்போது எரிவாயு, எண்ணெய், தண்ணீர் எல்லாவற்றையும் முழுவதும் காலி செய்யவேண்டும் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பழைய எஞ்சின் வாங்கும்போது கேட்கவேண்டியது மூன்று: பொய்லரை அழுத்தச் சோதனை செய்த தாள் இருக்கிறதா, அழுத்தம் கூடினால் தானாகத் திறந்து நீராவியை வெளியே விடும் சேஃப்டி வால்வ் சதுர அங்குலத்துக்கு எத்தனை இறாத்தலில் திறக்கிறது, அழுத்தமானி வேலை செய்கிறதா. சாதாரண ஈயப் பற்றில் ஒட்டிய பொய்லரை எரிவாயுவில் சூடாக்க வேண்டாம், வெள்ளி கலந்த பற்றாசில் (சில்வர் சோல்டர்) ஒட்டியதுதான் அந்தச் சூட்டைத் தாங்கும். மோட்டர் வேலைத்தலத்தில் கொடுத்து பொய்லரை யாரையும் தொடவிடாதீர்கள்.

முதல் எஞ்சினுக்கு எரிவாயுவில் எரிவதுதான் வசதி. ஸ்பிரிட்டில் எரிவதும் உண்டு. அதன் சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது, சிந்தினால் தீ எங்கே போகிறது என்று தெரியாமல் கை வைத்துவிடுவோம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதை நான் சொல்லமாட்டேன்.

எண்ணெய், தண்ணீர், எரிவாயு

சிலிண்டருக்குள் போகும் எண்ணெய் தனி ரகம். ஸ்டீம் ஒயில் என்று கேட்கவேண்டும், 460 தரத்தில் தேன் மாதிரித் தடிப்பாக இருக்கும். மோட்டர் சைக்கிள் எண்ணெய் நீராவிச் சூட்டில் கழுவிக்கொண்டு போய்விடும். கியர் ஒயில் பார்க்கத் தடிப்பாக இருந்தாலும் அதில் உள்ள கந்தகக் கலவை பித்தளையைத் தின்னும். வெளி மூட்டுகளுக்கு மட்டும் சாதாரண மெல்லிய எண்ணெய் போதும்.

தண்ணீர் விஷயத்தில் மலையகத்துக்கு ஒரு வரம். மழைத் தண்ணீர்தான் இதற்குச் சிறந்தது. அரை மணி நேரம் மழை பெய்து கூரையைக் கழுவிய பிறகு வரும் தண்ணீரைப் பிடித்து, மெல்லிய துணியில் இரண்டு தடவை வடித்து, கண்ணாடிப் போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த தகரக் கூரையாக இருந்தால் வேண்டாம். பீலித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனித்தாலும் அதில் கல்லில் கரைந்த உப்பு இருக்கும். அது பொய்லருக்குள் படியும்.

எரிவாயுவுக்கு பியூட்டேன். சமையல் சிலிண்டரில் இருந்து ஒருபோதும் எடுக்காதீர்கள். அதில் புரொப்பேன் கலந்திருக்கிறது. 20 டிகிரியில் பியூட்டேன் கலத்துக்குள் சுமார் 2 பார் அழுத்தம்தான் இருக்கும், புரொப்பேனுக்கு 8 பாருக்கு மேல். எஞ்சினின் சின்னத் தொட்டி அதற்காகச் செய்தது இல்லை.

ஓட்டம்

வரிசை மாறக்கூடாது: எண்ணெய், தண்ணீர், கடைசியாக எரிவாயு.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது லூப்ரிகேட்டர் மூடியைத் திறந்து, போன தடவை சேர்ந்த தண்ணீரை சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். இந்தச் சின்னக் கிண்ணத்துக்குள் நீராவி வந்து குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும். எண்ணெய் மேலே மிதந்து நீராவியோடு சிலிண்டருக்குப் போகும். எவ்வளவு எளிமையான யோசனை! தண்ணீரை எடுத்ததும் ஸ்டீம் ஒயிலை நிரப்பி மூடுங்கள்.

பிறகு பொய்லர். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிவிட்டு, சிரிஞ்சால் 30 மில்லிலீற்றரை வெளியே எடுங்கள். உங்கள் எஞ்சினின் கைந்நூல் வேறு அளவு சொன்னால் அதைக் கேளுங்கள். அந்த வெற்றிடத்தில்தான் நீராவி சேரும். சூட்டில் தண்ணீர் விரியவும் இடம் வேண்டும். முழுதாக விட்டால் சிலிண்டருக்குள் தண்ணீரே போகும்.

எரிவாயு நிரப்பும்போது பக்கத்தில் நெருப்பே இருக்கக்கூடாது, பற்றவைத்த சிகரட்டோடு ஒரு ஆள் நின்றால்கூட நிரப்பாதீர்கள். டின்னைத் தலைகீழாகப் பிடித்து வால்வில் அழுத்துங்கள். வாயிலில் இருந்து துளி துளியாகத் தெறித்தால் நிரம்பிவிட்டது. ஒரு நிமிடம் விலகி நில்லுங்கள், சிந்தியது காற்றில் போகட்டும்.

எரிவாயு வால்வை மெல்லத் திறந்து, லேசான சீறல் கேட்டதும் புகைபோக்கி வாயில் நெருப்பைக் காட்டுங்கள். ‘பொப்’ என்று சுவாலை உள்ளே ஓடிப்போய், பிறகு மெல்லிய இரைச்சலோடு எரியும். ஊளையிட்டால் வாயு அதிகம், குறையுங்கள். ஐந்து முதல் எட்டு நிமிடத்தில் அழுத்தமானி முள் ஏறும். சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தலில் சேஃப்டி வால்வ் திறந்து சீறும். ஒவ்வொரு தடவையும் அது திறப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எஞ்சினை நகர்த்துவது என் வழக்கம். அந்த அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் சுமார் 140 டிகிரி.

முதல் அசைவில் அவசரம் வேண்டாம். சிலிண்டர் குளிர்ந்திருப்பதால் முதலில் போகும் நீராவி தண்ணீராகிவிடும். பிஸ்டன் தண்ணீரை நசுக்க முடியாது. ரெகுலேட்டரைச் சின்னதாகத் திறந்து, எஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் மெல்லத் தள்ளுங்கள். புகைபோக்கியில் இருந்து சூடான தண்ணீரும் எண்ணெயும் துப்பும், முகத்தைத் தள்ளி வையுங்கள். கண்ணாடி போடுங்கள். ஐந்தாறு தடவைக்குப் பிறகு அது தானாகவே கையை விட்டுக் கிளம்பும். அந்த உணர்வை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை, உள்ளே ஒரு உயிர் விழித்து இழுக்கிற மாதிரி இருக்கும்.

முதல் இரண்டு சுற்று எஞ்சின் மட்டும் தனியாக ஓடட்டும். பிறகு பெட்டிகளைக் கொழுவுங்கள். பாரம் இருந்தால்தான் எஞ்சின் நிதானமாகப் போகும். ஒரு சுற்றுக்கு 40 வினாடி என்பது நல்ல வேகம். 20, 25 இறாத்தல் அழுத்தம் இருந்தாலே போதும், வாயுவைக் குறைத்துவிடுங்கள்.

வாயு 20 முதல் 30 நிமிடத்தில் தீரும். நன்றாகச் செய்த எஞ்சினில் தண்ணீர் தீருவதற்கு முன் வாயு தீரும்படி தொட்டியை அளந்து வைத்திருப்பார்கள். ஆகவே தண்ணீர் விடாமல் வாயுவை மட்டும் இரண்டாவது தடவை நிரப்பக்கூடாது. வெறும் பொய்லர் சூடானால் அது அத்தோடு போய்விட்டது.

உயரமும் குளிரும் காற்றும்

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடிய பொய்லரில் இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் நெருப்பில்தான். காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் பேர்னருக்குள் இழுபடும் ஒட்சிசனும் குறைவு. இங்கிலாந்தில் சரியாக எரிந்த எஞ்சின் இங்கே மஞ்சளாக எரிந்து கரி பிடிக்கலாம். பேர்னரின் காற்றுத் துளையில் நகரும் வளையம் இருந்தால் கொஞ்சம் அதிகம் திறவுங்கள். இல்லாவிட்டால் வாயுவைக் குறைத்து, அழுத்தம் ஏற இரண்டு நிமிடம் கூடக் காத்திருங்கள்.

குளிர் காலையில் இன்னொரு சிக்கல் வரும். பியூட்டேன் பூச்சியம் டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாவதையே நிறுத்திவிடும். 10 டிகிரியிலும் சோம்பேறித்தனமாகத்தான் வரும். தொட்டியைச் சுற்றிக் கை சூடு தாங்கும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றினால் சரியாகிவிடும். கொதிநீரோ நெருப்போ வேண்டவே வேண்டாம்.

ஊவாப் பக்கத்தில் ஜூலை, ஓகஸ்ட் காற்று பேர்னரை அணைத்துக்கொண்டே இருக்கும். அங்குள்ளவர்கள் காற்று எழும்புவதற்கு முன், விடியற்காலையில் ஓட்டலாம். அந்த மாதங்களில் மானாப்புல் காய்ந்து கிடக்கும். பாதைக்கு இரண்டு பக்கமும் ஒரு மீற்றர் சுத்தமாக வெட்டி, வாளி நிறையத் தண்ணீரோடு உட்காருங்கள். பிள்ளைகளுக்கு பெட்டிகளைக் கொழுவும் வேலையைக் கொடுங்கள், எஞ்சினைத் தொடுவது பெரியவர்கள் மட்டும்.

நிறுத்திய பிறகு

நெருப்பு அணைந்ததும் ரெகுலேட்டரைத் திறந்தே விட்டு, மிச்ச நீராவியில் அது ஓடி நிற்கட்டும். குளிர்விப்பதற்காகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். முள் பூச்சியத்துக்கு வந்து, இன்னும் பத்து நிமிடம் போன பிறகுதான் தண்ணீர் மூடியைக் கால் திருகு, அரைத் திருகாகத் திறக்கவேண்டும். லூப்ரிகேட்டரில் சேர்ந்த தண்ணீரை எடுங்கள். எண்ணெயும் கரியும் சூடு இருக்கும்போதே துணியில் சுலபமாக வரும், ஆறினால் தேய்க்கவேண்டும்.

பொய்லரில் உள்ள தண்ணீரைக் கொட்டிவிட்டு, மூடியை இறுக்காமல் சும்மா மேலே வைத்துவிடுங்கள். இறுக்கினால் உள்ளே மிச்சம் இருக்கும் நீராவி குளிர்ந்து சுருங்கி வெற்றிடமாகும், அது லூப்ரிகேட்டர் எண்ணெயைப் பொய்லருக்குள் இழுத்துவிடும். எங்கள் ஊர் ஈரத்தில் எஃகு அச்சும் இணைப்புத் தடியும் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்து, அரிசி வறுத்துச் சின்னத் துணிப்பையில் கட்டிப் பெட்டிக்குள் போட்டு மூடுகிறேன். மாதம் ஒருமுறை அரிசியை மாற்றவேண்டும்.